வாசகர் கேள்விகள்: இரண்டு கோவைகள் எப்போது ஒன்றாகும்?

சென்ற இதழில் 'ஒன்றாக்குதல்' பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பாடப் புத்தகங்கள் யூனிஃபிகேஷன் என்று சொல்வதைத்தான் அப்படி எழுதுகிறேன். மாறிகள் கொண்ட இரண்டு கோவைகளைக் கொடுத்து, மாறிகளின் இடத்தில் எதைப் பிரதியிட்டால் இரண்டும் ஒரே கோவையாகும் என்று கேட்பதுதான் ஒன்றாக்குதல். இணை(க, அ), இணை(இ, ச) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். க-வுக்கு இ, ச-வுக்கு அ என்று போட்டால் இரண்டும் இணை(இ, அ) ஆகிவிடும். இந்தப் பக்கத்தில் உயிரெழுத்து என்றால் மாறிலி, உயிர்மெய் என்றால் மாறி என்று வைத்துக்கொள்வோம்.

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: இது கணினிக்கு எவ்வளவு கடினம்? என் வாழ்க்கையின் நல்ல பகுதி இந்தக் கேள்வியோடு கழிந்திருக்கிறது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் பாடப் புத்தகத்தில் ஓரிடத்தில் 'ராபின்சன் முறை அடுக்குக்குறி வேகத்தில் வெடிக்கும்' என்றும், பத்துப் பக்கம் தள்ளி 'ஒன்றாக்குதலை நேர்கோட்டு நேரத்தில் முடிக்கலாம்' என்றும் இருக்கிறது. எதை நம்புவது? (கணினி அறிவியல் மாணவி)

இரண்டையும் நம்புங்கள். ராபின்சன் முறை என்பது ஒன்றாக்குவதற்கான பழைய முறை. நேர்கோட்டு நேரம் என்றால் கோவையின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரம்; அடுக்குக்குறி வேகம் என்றால் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாவது போன்ற வளர்ச்சி. ஒரு சிறிய சங்கிலியைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் விளங்கிவிடும்.

ம1 = இணை(ம0, ம0)
ம2 = இணை(ம1, ம1)
ம3 = இணை(ம2, ம2)

இப்படியே ம30 வரை போங்கள். மொத்தம் முப்பது வரிகள். இப்போது ம30 என்ன என்று முழுவதும் விரித்து எழுதச் சொன்னால், ஒவ்வொரு படியிலும் கோவை இரட்டிப்பாகிறது. கடைசியில் ம0 என்ற எழுத்தை மட்டும் 1,07,37,41,824 முறை எழுத வேண்டியிருக்கும். ஜான் ஆலன் ராபின்சன் 1965-இல் வெளியிட்ட முறையைச் சொன்னபடியே செய்தால், மாறியைக் கண்ட இடத்திலெல்லாம் பிரதியிட்டு விரித்துக்கொண்டே போக வேண்டும். புத்தகம் சொல்லும் வெடிப்பு இதுதான்.

விரித்து எழுதச் சொன்னது யார்? முப்பத்தொரு புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கீழே இருக்கும் புள்ளிக்கு இரண்டு அம்புகள் போடுங்கள். ம30 பற்றிய எல்லாத் தகவலும் அந்தப் படத்தில் அடங்கிவிட்டது. ஒரே கிளை பல இடங்களில் வந்தால் அதை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

இங்கே பல மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். இன்னும் ஓர் அடி இருக்கிறது. ந0, ந1, ... ந30 என்று இதே போன்ற இன்னொரு சங்கிலி இருக்கட்டும். ம30-ஐயும் ந30-ஐயும் ஒன்றாக்க வேண்டும். படம் சிறியதுதான். ஆனால் இடது அம்பின் வழியே இறங்கி ம29, ந29 இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, வலது அம்பின் வழியே இறங்கி அதே இரண்டை மறுபடியும் ஒப்பிட்டால், நூறு கோடி ஒப்பீடுகள் திரும்பவும் வந்துவிடும். இடம் மிச்சமானது, நேரம் மிச்சமாகவில்லை. எனவே இரண்டு புள்ளிகளை ஒப்பிடத் தொடங்கும்போதே 'இவை இரண்டும் இனி ஒரே குழு' என்று குறித்துவிட வேண்டும். அடுத்த முறை அங்கே வரும்போது குழு ஒன்றுதான் என்று கண்டு திரும்பிவிடலாம். முப்பது ஒப்பீடுகளும் கடைசியில் ம0, ந0 இணைப்பும், வேலை முடிந்தது.

பேட்டர்சனும் வெக்மனும் 1970-களின் பிற்பகுதியில் வெளியிட்ட முறை உண்மையாகவே நேர்கோட்டு நேரத்தில் ஓடுகிறது. மார்ட்டெல்லி, மொன்தனாரி இருவரின் 1982-ஆம் ஆண்டு முறை கற்பதற்கு இன்னும் தெளிவானது. முதலில் அதைப் படியுங்கள். ராபின்சன் முறையையே கிளைகளைப் பகிரும்படி திருத்தி, இருபடி நேரத்துக்குள் (நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமான நேரம்) அடக்கலாம் என்று 1983-இல் கோர்பானும் பிதுவாவும் காட்டினார்கள். அதாவது ராபின்சனின் சிந்தனையில் குறை இல்லை. கோவையை மரமாக, அதாவது கிளைகளைப் பகிராமல், வைத்துக்கொண்டதில்தான் செலவு ஏறியது.

கேள்வி: ஒரு மாறியைத் தன்னையே உள்ளடக்கிய கோவைக்குச் சமப்படுத்தக் கூடாது என்ற சோதனையை, தர்க்க விதிகளால் நிரல் எழுதும் புரோலாக் மொழி பொதுவாகச் செய்வதில்லை. செய்யாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?

தர்க்கமே முழுகிப் போகும். 'ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து 'எல்லோருக்கும் தாயாக ஒரே ஒருத்தி இருக்கிறாள்' என்று முடிவுகட்ட முடியாது. இதை ஒரு நிரலிடம் கொடுத்துப் பார்ப்போம்.

முதல் வாக்கியம் பிள்ளை(க, தாய்(க)) என்று ஆகிறது. இரண்டாவது வாக்கியத்தை மறுத்துத்தான் நிரல் வேலையைத் தொடங்கும். 'எந்த ஒருத்தியை எடுத்தாலும் அவளுக்குப் பிள்ளையல்லாத ஒருவர் உண்டு' என்பது மறுப்பு. அந்த 'ஒருவர்' யார் என்பது அந்த ஒருத்தியைப் பொறுத்தது. எனவே அவரை அயலார்(ச) என்று எழுதுவோம். அப்போது மறுப்பு: பிள்ளை(அயலார்(ச), ச) பொய். பிள்ளை(க, தாய்(க)) என்பதும் பிள்ளை(அயலார்(ச), ச) என்பதும் ஒன்றானால் முரண்பாடு கிடைத்துவிடும். தவறான வாக்கியம் 'நிறுவப்பட்டுவிடும்'.

ஒன்றாக்குவோம். க-வுக்கு அயலார்(ச). பிறகு ச-வுக்கு தாய்(க), அதாவது தாய்(அயலார்(ச)). ச தனக்குள்ளேயே ச-வை வைத்திருக்கிறது. சோதனை இருந்தால் இந்த இடத்தில் 'முடியாது' என்று திருப்பி அனுப்பிவிடும். சோதனை இல்லையென்றால் உலகத்தார் அனைவருக்கும் ஒரே தாய் என்று கணினி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்.

பிறகு ஏன் விட்டார்கள்? இரண்டு பட்டியல்களை ஒட்டும் சாதாரண வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு மாறிக்கு ஒரு கோவை கிடைக்கிறது. சோதனை வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அந்தக் கோவைக்குள் புகுந்து தேட வேண்டும். பட்டியலின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் முடிய வேண்டிய வேலை நீளத்தின் வர்க்கத்துக்குப் போய்விடும். நிரல் எழுதுபவர்களுக்கு அது தாங்காத செலவு. அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேற்றம் நிறுவ உட்காருபவர் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மேலே சொன்ன குழு குறிக்கும் முறையில் அது கூடுதல் செலவில்லாமல் கிடைக்கிறது: சுழற்சி இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை பார்த்தால் போதும்.

கேள்வி: ஆயிரம் செயலிகளைக் கொடுத்தால் ஒன்றாக்குதலை ஆயிரம் மடங்கு விரைவாக்கலாமா?

பொதுவாக அப்படி எதிர்பார்க்க வழியில்லை. டுவார்க், கனெலாக்கிஸ், மிட்செல் மூவரும் 1984-இல் ஒன்றாக்குதல் பி-முழுமையானது, அதாவது நியாயமான நேரத்தில் தீரும் கணக்குகளிலேயே பல செயலிகளுக்குப் பங்கிட மிகக் கடினமான வகை, என்று நிறுவினார்கள். ஒரு படி முடிந்த பிறகே அடுத்த படி தெரியும் என்ற தன்மை அதில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தில் மாறியே இல்லாத 'பொருத்துதல்' என்ற வகையைப் பல செயலிகளுக்கு நன்றாகப் பங்கிடலாம். மறுஎழுத்து விதிகளை (ஒரு கோவையை இன்னொன்றாக மாற்றி எழுதும் விதிகள்) ஓட்டும்போது தேவைப்படுவது பெரும்பாலும் இந்தப் பொருத்துதல்தான்.

கேள்வி: மறுஎழுத்து விதிகளைக் கொண்டு சமன்பாடுகளைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றை எழுதினேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டலுக்குப் பரிமாற்றுப் பண்பையும் சேர்ப்புப் பண்பையும் ஒன்றாக்கும் பகுதிக்குள்ளேயே சேர்த்தேன். அன்றிலிருந்து நினைவகம் நிறைந்து நிற்கிறது. எங்கே பிழை?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. நானும் இதே வேலையைச் செய்தேன். மாலையில் நிரலை ஓடவிட்டுப் போனேன். காலையில் நினைவகம் தீர்ந்து நின்றிருந்தது. மூன்று நாள் பிழை தேடினேன். நிரல் எழுதிவைத்த பதிவைத் தாள் தாளாக அச்சிட்டுப் படித்ததில், இரவு முழுவதும் அது ஒரே ஒரு சமன்பாட்டிலேயே நின்றிருந்தது தெரிந்தது. க + க + க + க ஒரு பக்கம், நான்கு வெவ்வேறு மாறிகளின் கூட்டல் மறுபக்கம். பார்ப்பதற்குப் பள்ளிக் கணக்கு போல இருக்கும். பிழை நிரலில் இருக்கவில்லை. விடைகளே அத்தனை இருந்தன.

எத்தனை என்று பார்க்க, சிறியதிலிருந்து வருவோம்: க + க = ச + த.

க என்பதைத் துண்டுகளால் ஆனது என்று நினையுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு துண்டும் இடப்பக்கம் இரண்டு முறை வரும். அந்த இரண்டு பிரதிகளையும் ச-வும் த-வும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வழிகள்தான்: இரண்டும் ச-வுக்கு (அந்த வகைத் துண்டை ப என்போம்), இரண்டும் த-வுக்கு (ர), ஆளுக்கு ஒன்று (ல). ஒவ்வொரு வகையும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதால் எட்டுத் தேர்வுகள். ஆனால் ச-வும் சரி, த-வும் சரி, வெறுமையாக இருக்கக் கூடாது. பூச்சியம் என்று ஒன்று நமக்குக் கொடுக்கப்படவில்லை. எனவே எதுவுமே இல்லாத தேர்வு, ப மட்டும் உள்ளது, ர மட்டும் உள்ளது ஆகிய மூன்றும் தள்ளுபடி. மிச்சம் ஐந்து. இவற்றில் எதுவும் மற்றொன்றின் தனி வகை ஆகாது. ஐந்தையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

க + க + க ஒரு பக்கமும் நான்கு மாறிகள் மறுபக்கமும் என்றால், மூன்று பிரதிகளை நான்கு பேருக்குப் பங்கிட 20 வழிகள் உண்டு. இரண்டின் 20-ஆம் அடுக்கு 10,48,576. யாராவது ஒருவர் வெறுங்கையோடு நிற்கும் தேர்வுகளைக் கழித்தால் 10,44,569 விடைகள். என் இரவைத் தின்ற சமன்பாட்டில் பங்கிடும் வழிகள் 35. விடைகள் 34,35,96,07,481. ஒன்றுகூட மிகையில்லை. அவற்றை எந்த நினைவகத்தில் வைத்திருக்க முடியும்?

இந்தச் சமன்பாட்டுக்கு 'விடை இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டிருந்தால், எல்லா மாறிகளுக்கும் ஒரே பெயரைப் போட்டு ஒரு நொடியில் 'இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். விடை உண்டா என்பதும் எல்லா விடையையும் கொடு என்பதும் வெவ்வேறு கேள்விகள். மாறிலிகளும் மற்றச் சார்புகளும் கலந்துவிட்டால், உண்டா என்ற கேள்வியே என்.பி.-முழுமை (விடையைத் தந்தால் விரைவில் சரிபார்க்கலாம், கண்டுபிடிக்க விரைவான பொதுமுறை தெரியாது என்ற வகை) ஆகிவிடுகிறது. தீபக் கபூரும் பாலியத் நரேந்திரனும் அதை நிறுவினார்கள். எல்லா விடைகளையும் தருவதற்கு இரட்டை அடுக்குக்குறி (அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கு) வரை போகலாம் என்பதும் அவர்கள் காட்டியதே.

இனி உங்களுக்கு உதவக்கூடிய செய்திக்கு வருகிறேன். உங்கள் கூட்டலுக்குப் பூச்சியம் உண்டா? உண்டென்றால் அதையும் ஒன்றாக்கும் பகுதிக்குள் சேர்த்துவிடுங்கள். அப்போது ச, த வெறுமையாக இருக்கலாம். மேலே சொன்ன ஐந்து விடைகளும் ஒரே விடைக்குள் அடங்கும்: க = ப + ர + ல, ச = ப + ப + ல, த = ர + ர + ல. வேண்டாத துண்டுக்குப் பூச்சியம் போட்டால் மற்றவை தாமாக வரும். மூவாயிரத்து நானூறு கோடி விடைகளும் அப்படியே ஒன்றாகிவிடும். கழித்தலும் சேர்ந்து முழுப் பரிமாற்றுக் குலமாகிவிட்டால் இன்னும் நல்லது. மாறிலிகள் இருந்தாலும் அது முழு எண்களில் ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணக்காகி, பல்லுறுப்புக்கோவை நேரத்தில் முடிந்துவிடும். விதிகள் கூடக்கூடக் கடினமும் கூடும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் நேர்மாறாக நடக்கிறது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

பூச்சியம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1996 அக்டோபரில் வில்லியம் மெக்கூன் செய்ததைப் பாருங்கள். ஹெர்பர்ட் ராபின்ஸ் 1930-களில் எழுப்பிய கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு மேல் திறந்தே கிடந்தது: பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, கூடவே மறுப்பைப் பற்றிய ஒரே ஒரு சமன்பாடு, இந்த மூன்றும் இருந்தால் பூலியன் இயற்கணிதம் கிடைத்துவிடுமா? மெக்கூனின் ஈ.க்யூ.பி. என்ற நிரல் எட்டு நாள் தேடி 'கிடைக்கும்' என்று நிறுவியது. கூட்டலின் இரண்டு பண்புகளும் அந்த நிரலின் ஒன்றாக்கும் பகுதிக்குள்ளேயே இருந்தன. ஆனால் எல்லா விடைகளையும் அவர் பின்தொடரவில்லை. அவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். எதையும் தவறவிடமாட்டோம் என்ற உத்தரவாதம் போயிற்று. கண்டுபிடித்த நிரூபணம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. உங்கள் நிரலிலும் இதே வழியைத் துணிந்து எடுங்கள்.

கேள்வி: பரிமாற்றுப் பண்பை எடுத்துவிட்டு, சேர்ப்புப் பண்பை மட்டும் வைத்துக்கொண்டால் எளிதாகுமா?

ஆகாது, வேறு விதமான கடினத்துக்குள் போய்விடுவீர்கள். சேர்ப்புப் பண்பு மட்டும் என்றால் நம் கையில் இருப்பவை எழுத்துச் சரங்கள். கஅ = அக என்ற சமன்பாட்டைப் பாருங்கள். க-வுக்கு அ போடலாம், அஅ போடலாம், அஅஅ போடலாம்; முடிவே இல்லை. எந்த ஒன்றும் மற்றொன்றிலிருந்து பிறப்பதில்லை. விடைப் பட்டியல் என்பதே முடிவில்லாதது.

விடை உண்டா என்று மட்டும் கேட்டால்? 1977-இல் மக்கானின் அதற்கு ஒரு முறை கண்டுபிடிக்கும் வரை, முறை இருக்கிறதா என்பதே தெரியாமல் இருந்தது. 1999-இல் பிளண்டோவ்ஸ்கி அதை பி-ஸ்பேஸ் என்னும் இட எல்லைக்குள், அதாவது நீளத்தின் பல்லுறுப்புக்கோவை அளவு நினைவகத்துக்குள், கொண்டுவந்தார். பிறகு ஆர்தர் யெஷ், சரங்களில் அடுத்தடுத்து வரும் எழுத்துகளைப் புது எழுத்தாகச் சுருக்கிச் சுருக்கிச் சமன்பாட்டையே சிறிதாக்கும் வழியைக் காட்டினார். அந்த நிரூபணத்தைப் படித்த நாளில் வேறு எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை, அவ்வளவு எளிமை அதில். கேள்வி இன்னும் முடியவில்லை. என்.பி.-யைவிடக் குறைந்த கடினம் இல்லை என்பது தெரியும், என்.பி.-க்குள் அடங்குமா என்பது இன்றும் திறந்திருக்கிறது. மிகச் சிறிய விடையின் நீளம் ஒற்றை அடுக்குக்குறிக்குள் இருக்கும் என்று யாராவது நிறுவினால் அடங்கிவிடும். இப்போது கையில் இருப்பது இரட்டை அடுக்குக்குறி எல்லைதான்.

கேள்வி: சார்பின் பெயரே தெரியாவிட்டால் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, ஆபத்தான கேள்வியும்கூட. சார்பு மாறிக்கு ஆய்த எழுத்தை வைத்துக்கொள்வோம். ஃ(அ) = இணை(அ, அ) என்றால் ஃ எந்தச் சார்பு? உள்ளே வருவதை இரண்டு இடத்திலும் வைப்பதா, முதல் இடத்தில் மட்டுமா, இரண்டாவதில் மட்டுமா, அல்லது உள்ளே எது வந்தாலும் இணை(அ, அ) என்று சொல்வதா? நான்கும் சரி.

இனி ஃ(அடுத்தது(அ)) = அடுத்தது(ஃ(அ)). இதற்கு 'அடுத்தது' என்பதை எத்தனை முறை போட்டாலும் சரி: பூச்சியம் முறை, ஒரு முறை, இரண்டு முறை... ஒவ்வொரு விடையும் ஓர் இயல் எண். சமன்பாடுகளுக்குள் எண்கள் நுழைந்துவிட்டன. அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் வழி செய்துவிட்டால், முழு எண்களில் தீர்க்க வேண்டிய எந்தச் சமன்பாட்டையும் ஒன்றாக்குதலாக மாற்றி எழுதலாம். அத்தகைய சமன்பாடுகளுக்கு விடை உண்டா என்று சொல்லும் பொதுமுறை இல்லை என்பதை மத்தியாசெவிச் 1970-இல் நிறுவியிருந்தார். அதன்மேல் நின்று 1981-இல் வாரன் கோல்ட்ஃபார்ப், சார்பு மாறிகளோடு கூடிய ஒன்றாக்குதலைத் தீர்மானிக்க எந்த முறையும் இருக்க முடியாது என்று காட்டினார்.

ஆனாலும் இன்றைய நிரூபண உதவி நிரல்கள் இதைத் தினமும் செய்கின்றன. சார்பு மாறியின் அடைப்புக்குறிக்குள் ஒன்றுக்கொன்று வேறான கட்டுண்ட மாறிகள் (ஒரு சார்பு உள்ளே வாங்குவதைக் குறிக்கும் பெயர்கள்) மட்டுமே வரலாம் என்று டேல் மில்லர் 1991-இல் ஒரு கட்டுப்பாடு விதித்தார். அதற்குள் நின்றால் விடை ஒன்றுக்கு மேல் இருக்காது, நேர்கோட்டு நேரத்தில் கிடைத்துவிடும். நடைமுறையில் வருபவற்றில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது.

கேள்வி: பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். மேல்நிலை மாணவர்களுக்குக் கொடுக்க இதில் ஏதாவது உண்டா? (ஆசிரியை)

உண்டு. க + க + க = ச + த என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். பூச்சியம் கிடையாது என்று சொல்லுங்கள். மூன்று பிரதிகளை இருவருக்குப் பங்கிடும் வழிகளை முதலில் எழுதச் சொல்லுங்கள். பிறகு எந்தத் தேர்வுகள் தள்ளுபடி என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். 13 விடைகள் வர வேண்டும். 14 அல்லது 12 சொல்பவர்களின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தேர்வு விட்டுப்போனது, எது இருமுறை வந்தது என்று அடுத்த இதழில் வரிவரியாகப் பார்க்கலாம்.